இருபது வயதில் ஒரு கேள்வி: ஜான் ஸ்டூவர்ட் மில்லும் மகிழ்ச்சிக் கணக்கும்

1826-ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். லண்டனில் 20 வயது இளைஞர் ஒருவர் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் தான் ஆசைப்பட்ட அத்தனையும், நாட்டின் சட்டங்களிலும் மக்களின் எண்ணங்களிலும் வர வேண்டும் என்று பாடுபட்ட அத்தனை மாற்றங்களும், அந்த நிமிடமே நடந்து முடிந்துவிட்டால் தனக்கு அது பெரிய சந்தோஷமாக இருக்குமா என்பதுதான் அந்தக் கேள்வி.

இருக்காது என்று மனசு பளிச்சென்று பதில் சொல்லிவிட்டது.

அந்த இளைஞரின் பெயர் ஜான் ஸ்டூவர்ட் மில். பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் ஆடம் ஸ்மித், ரிக்கார்டோ இருவருக்கும் அடுத்தபடியாக வருவாரே, அதே மில்தான். படத்தில் வழுக்கைத் தலையும் இறுகிய முகமுமாக இருப்பார். அவருக்கும் ஒரு காலத்தில் 20 வயது இருந்தது, அந்த வயதில் அவர் மனம் உடைந்து போனார் என்பதைப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மகிழ்ச்சியைப் பற்றி அவர் அளவுக்குப் பாடம் படித்த பிள்ளை அந்தக் காலத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. மகிழ்ச்சியை எப்படி அளப்பது, எப்படிப் பெருக்குவது, எப்படி எல்லோருக்கும் கிடைக்கச் செய்வது என்பதற்காகவே வளர்க்கப்பட்டவர் அவர். அப்படிப்பட்டவரிடமே மகிழ்ச்சி இல்லாமல் போனது ஏன்? பிறகு அது எப்படித் திரும்பி வந்தது?

மகிழ்ச்சிக்கு ஒரு பேரேடு

கதை மில்லிடம் ஆரம்பிக்கவில்லை. ஜெரமி பெந்தம் (1748–1832) என்ற சட்ட அறிஞரிடம் ஆரம்பிக்கிறது.

பெந்தமின் காலத்து இங்கிலாந்தில் திருட்டுக் குற்றங்களுக்கே தூக்குத் தண்டனை உண்டு. ஏன் இந்தச் சட்டம் என்று கேட்டால், வழக்கம் அப்படி, முன்னோர்கள் அப்படி என்றுதான் பதில் வரும். பெந்தம் இதை ஏற்கவில்லை. ஒரு சட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க ஒரே ஒரு அளவுகோல் போதும் என்றார். அந்தச் சட்டத்தால் மனிதர்களின் மொத்த இன்பம் கூடுகிறதா, மொத்தத் துன்பம் கூடுகிறதா? அவ்வளவுதான். இந்தக் கொள்கைக்குத்தான் பயன்பாட்டுவாதம் என்று பெயர்.

1789-இல் வெளியான தன் முக்கியமான நூலில் இன்பத்தை அளக்க ஏழு அம்சங்களை அவர் பட்டியல் போட்டார். இன்பம் எவ்வளவு தீவிரமானது, எவ்வளவு நேரம் நீடிக்கும், கிடைப்பது எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும், அதிலிருந்து மேலும் இன்பங்கள் பிறக்குமா, பின்னாலேயே துன்பம் வருமா, எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்?

நாளைக்குப் பரீட்சை, இன்று இரவு சினிமாவுக்குப் போகலாமா என்ற கேள்வியை இந்த ஏழிலும் வைத்துப் பாருங்கள். தீவிரம் உண்டு, சீக்கிரம் கிடைக்கும், நிச்சயமும் உண்டு. ஆனால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், பின்னாலேயே துன்பம் வரிசையில் நிற்கும்! வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் எழுதி, கடைசியில் இருப்பு என்ன என்று பார்க்கும் பேரேடு மாதிரிதான் இது.

பெந்தமை வெறும் சுகவாசி என்று நினைத்துவிடக் கூடாது. சிறைகள், தண்டனைகள், விலங்குகளை வதைப்பது என்று யாரும் கேள்வி கேட்காத விஷயங்களில் கேள்வி கேட்டவர் அவர். தான் இறந்த பிறகும் உடல் பயன்பட வேண்டும் என்று அறுத்து ஆராய்வதற்குக் கொடுத்தார். அவருடைய எலும்புக்கூட்டுக்கு அவர் உடையையே போட்டு, மெழுகுத் தலை வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இன்றும் பார்க்கலாம்.

கொள்கை இருந்தது. அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு போக ஒரு வாரிசு வேண்டும். பெந்தமுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அவருடைய நெருங்கிய சீடருக்கு ஒரு மகன் இருந்தான்.

தயார் செய்யப்பட்ட பிள்ளை

அந்தச் சீடர் ஜேம்ஸ் மில். ஸ்காட்லாந்தில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, படிப்பால் மேலே வந்தவர். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலேயே 'பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு' என்ற பெரிய நூலை எழுதியவரும் இவர்தான். அந்த நூல் கொடுத்த பெயரால் 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

அவருடைய மூத்த மகன் ஜான், 1806 மே 20 அன்று பிறந்தார். மொத்தம் ஒன்பது பிள்ளைகள். மூத்தவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தானே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பது என்று அப்பா முடிவு செய்தார்.

3 வயதில் கிரேக்க மொழி. 8 வயதில் லத்தீன். 12 வயதில் தர்க்கம். 13 வயதில் பொருளாதாரம், அதுவும் ரிக்கார்டோவின் புத்தகம்! அப்பா எழுதும் அதே மேசையில் உட்கார்ந்துதான் மகன் படிக்க வேண்டும். அப்போது கிடைத்த கிரேக்க அகராதி லத்தீனில்தான் அர்த்தம் சொல்லும். குழந்தைக்கோ இன்னும் லத்தீன் தெரியாது. அதனால் தெரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் அப்பாவைக் கேட்க வேண்டும். பொறுமையே இல்லாத அந்த மனிதர், இந்த நச்சரிப்புக்கு நடுவில்தான் தன் வரலாற்று நூலின் பெரும்பகுதியை எழுதி முடித்தார்.

காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் நடக்கப் போவார்கள். நடந்துகொண்டே, முதல் நாள் படித்ததைத் துண்டுக் காகிதக் குறிப்புகளைப் பார்த்து மகன் ஒப்பிக்க வேண்டும். மற்றப் பையன்களோடு விளையாட அனுமதி இல்லை, சேர்ந்தால் கெட்டுவிடுவான் என்று அப்பாவுக்குப் பயம். தான் படித்ததைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் ஜான் தலையில்தான். வெளியான தன்வரலாற்றில் மில் தன் அப்பாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அம்மாவைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த வீடு எப்படி இருந்தது என்று இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

15 வயதில் பெந்தமின் கருத்துகளைப் பிரெஞ்சு மொழிப் பதிப்பில் படித்தார் மில். சிதறிக் கிடந்த அறிவெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது போல இருந்ததாம். உலகத்தைத் திருத்துவதுதான் வாழ்க்கை லட்சியம் என்று அப்போதே முடிவாகிவிட்டது. நண்பர்களைச் சேர்த்து ஒரு பயன்பாட்டுவாதச் சங்கம் தொடங்கினார். 1823-இல், 17 வயதில், அப்பாவுக்குக் கீழேயே கம்பெனியில் குமாஸ்தா வேலை. அலுவலகம் முடிந்தால் பத்திரிகைக் கட்டுரைகள், விவாத மன்றம். போதாததற்கு பெந்தம் ஒரே விஷயத்தைப் பற்றி மூன்று தடவை தனித்தனியாக எழுதி வைத்திருந்த கையெழுத்துக் குவியலை ஒரே நூலாக்கும் வேலை. அது 1827-இல் ஐந்து பாகங்களாக வெளிவந்தது.

அதற்கு நடுவில்தான் அந்த இலையுதிர்காலம் வந்தது.

கணக்கு உடைந்த நாள்

முதலில் சாதாரண மந்தமாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதானே! அந்த மாதிரி ஒரு மனநிலையில்தான் முதலில் சொன்ன கேள்வியைத் தன்னிடம் கேட்டார். பதில் வந்ததும் வாழ்க்கைக்கு அஸ்திவாரமாக இருந்தது சரிந்துவிட்டது. லட்சியம் நிறைவேறினாலே சந்தோஷம் இல்லை என்றால், அந்த லட்சியத்துக்காக உழைப்பதில் மட்டும் என்ன சுவை இருக்க முடியும்?

ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். காலையில் கண் விழித்ததும் அது அங்கேயே இருந்தது. பிடித்த புத்தகங்களை எடுத்துப் பார்த்தார், சுவைக்கவில்லை. வெளியே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தினமும் அலுவலகம் போனார், விவாத மன்றத்தில் பேசினார். எல்லாம் பழக்கத்தின் வேகத்தில் நடந்தது. அந்த ஒரு வருடம் அங்கே என்ன பேசினார் என்பது பிற்காலத்தில் அவர் ஞாபகத்திலேயே இல்லை.

சங்கீதம் ஒன்றில்தான் கொஞ்சம் நிம்மதி இருந்தது. அதிலும் ஒரு கவலை! ஸ்வரங்கள் கொஞ்சம்தானே இருக்கின்றன, அவற்றை எத்தனை விதமாகத்தான் மாற்றி அடுக்க முடியும், நல்ல மெட்டுகள் ஒருநாள் தீர்ந்துவிடாதா என்று அவர் நிஜமாகவே கவலைப்பட்டார். பின்னாளில் இதை நினைத்து அவரே சிரித்துக்கொண்டார். ஆனால் இந்த விசித்திரமான கவலையில் ஒரு விஷயம் புரிகிறது. பாட்டு கேட்கும்போதும் அவர் பாட்டைக் கேட்கவில்லை, கையிருப்பு எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

இதை யாரிடமாவது சொல்லியிருக்கலாமே? சொல்ல ஆள் இல்லை. அப்பாவிடம் போக முடியாது. அவருக்குப் புரியாது, புரிந்தாலும் இத்தனை வருடம் பாடுபட்டுக் கொடுத்த கல்வி தோற்றுவிட்டது என்று அவர் வருந்துவாரே தவிர, அவரால் எதுவும் செய்ய முடியாது. மனம் விட்டுப் பேசும் அளவுக்குத் தான் நேசித்த ஒருவர் இருந்திருந்தால் தனக்கு அந்த நிலையே வந்திருக்காது என்று மில் பிறகு எழுதினார். இப்படியே எவ்வளவு காலம்தான் தள்ள முடியும் என்ற கேள்வியும் அவருக்குள் வந்து போனது. அந்த அளவுக்கு இருட்டு.

ஒரு துளி கண்ணீர்

சில மாதங்கள் கழித்து, தற்செயலாக ஒரு புத்தகம் கைக்கு வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மார்மோந்தெலின் (1723–1799) நினைவுக் குறிப்புகள். அதில் ஒரு இடம். மார்மோந்தெல் சிறு பையனாக இருக்கும்போது அப்பா இறந்துவிடுகிறார். குடும்பம் நிலைகுலைந்து நிற்கிறது. அந்தப் பையனுக்குள் திடீரென்று ஒரு உறுதி பிறக்கிறது. இவர்கள் இழந்த எல்லாவற்றுக்கும் ஈடாக இனி நான் இருப்பேன் என்று குடும்பத்துக்குத் தைரியம் சொல்கிறான்.

இதைப் படித்தபோது மில் அழுதார்.

அந்தக் கண்ணீர்தான் திருப்புமுனை. தான் உணர்ச்சி செத்துப்போன மரக்கட்டை இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு சூரிய வெளிச்சம், வானம், புத்தகம், பேச்சு என்று அன்றாட விஷயங்களில் மெல்ல மெல்லச் சுவை திரும்பியது. இடையிடையே பழைய இருட்டு வந்து போனாலும் முன்பு போல ஆழமாக இறங்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பல மாதங்களாகத் தன் மனதையே தோண்டித் தோண்டிப் பார்த்தவருக்கு அங்கே எதுவும் கிடைக்கவில்லை. எப்போதோ, எங்கோ, முகம் தெரியாத ஒரு பையனின் துக்கத்தைக் கவனித்த சில நிமிடங்களில் அவர் தன்னை மறந்தார். மறந்த இடத்தில்தான் தேடியது இருந்தது.

மலைகளும் கவிதையும்

1828 இலையுதிர்காலத்தில் அடுத்த உதவி வந்தது. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளை மில் முதன்முறையாகப் படித்தார். இதற்கு முன் மனம் மிகவும் மோசமாக இருந்தபோது பைரனைப் படித்திருந்தார். பிரயோஜனப்படவில்லை. பைரனும் தன்னைப் போலவே எல்லாம் சலித்துப் போனவராக இருந்ததுதான் காரணம்!

வேர்ட்ஸ்வொர்த் வேறு மாதிரி. மலை, ஓடை, கிராமத்து மனிதர்கள். மில்லுக்குச் சின்ன வயதிலிருந்தே மலைகள் பிடிக்கும். 14 வயதில் பிரான்ஸில் இருந்தபோது பார்த்த பைரனீஸ் மலைத்தொடர் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. ஆனால் அவரைத் தொட்டது வெறும் வர்ணனை இல்லை. அமைதியாக ஒன்றைப் பார்ப்பதில் கிடைக்கும் நிறைவு யாருக்கும் குறையாமல் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளக்கூடியது, உலகத்தின் குறைகள் எல்லாம் தீர்ந்த பிறகும் தீராதது என்று அவர் உணர்ந்தார். மெட்டுகள் தீர்ந்துவிடும் என்று பயந்தவருக்கு இதைவிட நல்ல மருந்து உண்டா? 1831-இல் ஏரிகள் நிறைந்த வடமேற்கு இங்கிலாந்துக்குப் போய் அந்தக் கவிஞரை நேரிலேயே சந்தித்தார்.

பெந்தமின் சீடர்களில் பலருக்குக் கவிதை என்றால் வேலையற்ற வேலை. மில்லுக்கும் நண்பர் ரீபக்குக்கும் வேர்ட்ஸ்வொர்த் பற்றி விவாத மன்றத்தில் பகிரங்கமாகவே மோதல் நடந்தது. அந்த நட்பில் விரிசல் விழ அது ஒரு தொடக்கமாயிற்று.

மில் கண்டுகொண்டது

இந்த அனுபவத்திலிருந்து மில் இரண்டு பாடங்களை எடுத்துக்கொண்டார். அவர் இறந்த 1873-ஆம் ஆண்டில் வெளியான தன்வரலாற்றில் இவற்றை விரிவாகச் சொல்கிறார்.

முதல் பாடம்: மகிழ்ச்சியை நேரடிக் குறியாக வைத்தால் அது கிடைக்காது. வேறு ஏதாவது ஒன்றில் மனதை வைத்திருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது. அந்த வேறு ஒன்று மற்றவர்களின் நலமாக இருக்கலாம், ஒரு கலையாக இருக்கலாம், ஒரு தேடலாக இருக்கலாம். ஆனால் அதை மகிழ்ச்சிக்கான ஏணியாக நினைக்காமல் அதற்காகவே செய்ய வேண்டும். சந்தோஷமாக இருக்கிறோமா என்று சோதிக்க ஆரம்பித்த உடனே சந்தோஷம் போய்விடுகிறது.

தூக்கம் மாதிரிதான் இதுவும். தூங்க வேண்டும், தூங்க வேண்டும் என்று புரண்டுகொண்டே இருந்தால் தூக்கம் வராது. தூங்கிவிட்டோமா என்று பார்க்கக் கண்ணைத் திறந்தால் வந்ததும் போய்விடும்.

இரண்டாவது பாடம்: அறிவுக்கு எவ்வளவு பயிற்சி கொடுக்கிறோமோ அவ்வளவு பயிற்சி உணர்வுகளுக்கும் வேண்டும். தன் நிலையை மில் ஒரு கப்பலுக்கு ஒப்பிட்டார். சுக்கான் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பாய்மரத்தில் பாய் இல்லை. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியும், போவதற்குக் காற்று இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம்

கவனமாகப் படித்தவர்கள் இந்நேரம் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். மில் 1826-க்கு முன்பும் தன் சுகத்தைத் துரத்தவில்லையே? உலக நன்மைக்காகத்தானே உழைத்தார்? மற்றவர்களுக்காக வாழ்ந்தால் மகிழ்ச்சி வரும் என்றால் அவருக்கு ஏன் வரவில்லை?

நியாயமான கேள்வி. இந்தக் கதையின் முக்கியமான இடமும் இதுதான்.

மில் உழைத்தது மக்களுக்காக. ஆனால் அந்த மக்களில் யாருக்கும் முகம் இல்லை. அவர்கள் பேரேட்டில் வரும் மொத்தத் தொகை. அவருடைய சொந்த மகிழ்ச்சியும் அந்தத் தொகை என்றைக்கோ ஒருநாள் பூர்த்தியாவதில் அடகு வைக்கப்பட்டிருந்தது. லட்சியம் தூரத்தில் இருந்ததால் அது தீராது, அதனால் சந்தோஷமும் தீராது என்று நம்பியிருந்தார். ஒரே ஒரு கணம் அந்த எதிர்காலத்தை இப்போதே கையில் வாங்கிப் பார்த்தார். காலியாக இருந்தது. பிறர் நலம் என்ற பெயரிலும் மகிழ்ச்சியை முதலீடாகப் போட்டு வட்டிக்குக் காத்திருக்க முடியும். அதுவும் ஒரு துரத்தல்தான்.

மார்மோந்தெலின் வீட்டில் அழுதவர்கள் மொத்தத் தொகை இல்லை. ஒரு அம்மா, சில குழந்தைகள், ஒரு பையன். அங்கே மில்லுக்குக் கணக்கு போடத் தோன்றவில்லை.

இந்தப் பாடத்தை அவர் முழுவதும் கற்றுக்கொண்டாரா என்றால், அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1823 முதல் 1858 வரை 35 வருடங்கள் கம்பெனியில் வேலை பார்த்து, இந்தியாவுக்கு அனுப்பும் கடிதங்களைத் தயார் செய்தவர் அவர். அப்பாவைப் போலவே மகனும் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. 1859-இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய புகழ்பெற்ற நூலில்கூட, பின்தங்கியவை என்று தான் கருதிய சமூகங்களுக்கு அந்தச் சுதந்திரக் கொள்கை பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டார். தூரத்தில் இருப்பவர்கள் முகமில்லாமலேயே போய்விட்டார்கள். அருகில் இருப்பவர்கள் விஷயத்தில் அவர் மாறினார். 1830-இல் சந்தித்த ஹேரியட் டெய்லருடன் ஏற்பட்ட நட்பு, 1851-இல் திருமணத்தில் முடிந்தது. அவருடன் பேசிப் பேசித்தான் தன் சிந்தனை வளர்ந்தது என்று மில் திரும்பத் திரும்ப எழுதினார். பாராளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, 1867-இல், பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று திருத்தம் கொண்டு வந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோற்றது, ஆனாலும் அவர் மனம் உடைந்துவிடவில்லை. 20 வயதில் ஜெயித்தால்கூட சந்தோஷம் இல்லை என்று உட்கார்ந்திருந்தவர், 61 வயதில் தோற்றும் உற்சாகமாக இருந்தார்!

பிறகு வந்தவர்கள்

மில்லுக்குப் பிறகு 1874-இல் ஹென்றி சிட்ஜ்விக் என்ற தத்துவப் பேராசிரியர் இந்த முரணை இன்பவாதத்தின் அடிப்படை முரண்பாடு என்று குறிப்பிட்டார். இன்பத்தின் மேல் ஆசை அளவுக்கு மீறினால் அந்த ஆசையே இன்பத்தைக் கெடுத்துவிடும் என்பது இதன் சாரம். பொருளாதாரக்காரர்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1881-இல் எட்ஜ்வர்த் (அதே 'இண்டிஃபரன்ஸ் கர்வ்' எட்ஜ்வர்த்தான்), வெப்பமானி மாதிரி ஒருவரின் இன்பத்தை நொடிக்கு நொடி அளக்கும் ஒரு கருவியைக் கற்பனை செய்தார். பெந்தமின் பேரேட்டுக்கு மீட்டர் பொருத்தும் முயற்சி.

அப்படி ஒரு மீட்டரை மனதில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? 2003-இல் ஸ்கூலர், ஏரியலி, லோவென்ஸ்டைன் என்ற மூவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையைச் சிலரைக் கேட்க வைத்தார்கள். ஒரு குழு சும்மா கேட்டால் போதும். இன்னொரு குழு கேட்டுக்கொண்டே தன்னை முடிந்த அளவு சந்தோஷப்படுத்திக்கொள்ள முயல வேண்டும். முயன்றவர்களின் மனநிலைதான் மோசமாக இருந்தது. அதே ஆய்வாளர்கள் 1999 டிசம்பர் 31 இரவுக் கொண்டாட்டத்தைப் பற்றியும் விசாரித்தார்கள். அதிகம் எதிர்பார்த்து, அதிகம் மெனக்கெட்டவர்களுக்குத்தான் அதிக ஏமாற்றம்.

2011-இல் ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளரும் குழுவினரும் செய்தது இன்னும் சுவாரசியம். மகிழ்ச்சியாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் ஒரு கட்டுரையைச் சில பெண்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு சந்தோஷமான படம் ஒன்றைக் காட்டினார்கள். கட்டுரை படிக்காதவர்களைவிட இவர்களுக்குக் குறைந்த சந்தோஷமே கிடைத்தது. சோகப் படத்தில் இந்த வித்தியாசம் இல்லை. காரணம் எளிது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், இவ்வளவுதானா என்ற ஏமாற்றமும் கூடவே வந்துவிடுகிறது.

அப்படியானால் எது உதவுகிறது? 2008-இல் கனடாவில் நடந்த ஒரு பரிசோதனையில் காலையில் சிலருக்கு உறையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, மாலைக்குள் செலவு செய்யச் சொன்னார்கள். சிலர் தமக்காக, சிலர் பிறருக்காக. மாலையில் பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பதில் வித்தியாசம் இல்லை.

2015-இல் வெளியான இன்னொரு ஆய்வு நாடுகளை ஒப்பிட்டது. மகிழ்ச்சியை மும்முரமாகத் தேடுபவர்களின் நலம் அமெரிக்காவில் குறைவாக இருந்தது. ரஷ்யாவிலும் கிழக்கு ஆசியாவிலும் அதிகமாக இருந்தது. அங்கெல்லாம் மகிழ்ச்சியைத் தேடுவது என்றால் நண்பர்களோடும் குடும்பத்தோடும் சேர்ந்திருப்பது என்று அர்த்தமாம். ஆகவே மகிழ்ச்சியை விரும்புவதே தப்பு என்று யாரும் பயப்பட வேண்டாம். எங்கே தேடுகிறோம் என்பதுதான் விஷயம்.

மில்லும் அதைத்தான் சொன்னார். மகிழ்ச்சிதான் வாழ்க்கையின் இறுதி அளவுகோல் என்ற கொள்கையை அவர் கைவிடவே இல்லை. 1861-இல் அதற்காகவே தனியாக எழுதி வாதாடினார். ஒரு சட்டத்தை, ஒரு பட்ஜெட்டை, ஒரு அரசாங்கத்தை அந்த அளவுகோலால் அளக்கலாம், அளக்க வேண்டும். தன் மனதை மட்டும் மணிக்கு ஒரு தரம் அளந்துகொண்டிருக்கக் கூடாது.

கடைசி நடை

டிகிரி முடித்தால் சந்தோஷம், கேம்பஸ் இண்டர்வியூவில் வேலை கிடைத்தால் சந்தோஷம், முதல் சம்பளம் வந்தால் சந்தோஷம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போகும் எல்லோருக்கும், எல்லாம் கிடைத்த பிறகு என்ன என்ற மில்லின் கேள்வி ஒருநாள் வரும். அப்படி வந்தால் பயப்பட வேண்டியதில்லை. 200 வருடத்துக்கு முன்பே ஒருவருக்கு வந்தது, அவர் அதிலிருந்து மீண்டும் வந்தார். அவருக்கு இல்லாதது, மனம் விட்டுச் சொல்ல ஒரு ஆள். அது இருப்பவர்கள் வாயைத் திறந்து சொல்லிவிடுவது நல்லது.

மில்லுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு பொழுதுபோக்கு இருந்தது. செடிகளைத் தேடிப் போவது. மைல் கணக்கில் நடப்பார், பூக்களைப் பறித்து வந்து காய வைத்துத் தொகுப்பார். அதனால் உலகம் திருந்தப் போவதில்லை, பேரேட்டில் எழுத எதுவும் இல்லை. 1858-இல் ஹேரியட் பிரான்ஸில் உள்ள அவின்யோனில் இறந்தபோது, அவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கி வருடத்தில் பாதி நாட்கள் அங்கே இருந்தார். அங்கேதான் பூச்சிகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆன்ரி ஃபாபர் நண்பரானார். ஃபாபர் பணக் கஷ்டத்தில் இருந்தபோது கடன் கொடுத்து உதவியவர் மில்.

1873 மே மாதத் தொடக்கத்தில் 66 வயது மில், ஃபாபருடன் செடி தேடி வெகுதூரம் நடந்துவிட்டு வந்தார். சில நாட்களில் காய்ச்சல் கண்டு மே 7 அன்று இறந்தார். அந்தக் கடைசி நடையில் தான் சந்தோஷமாக இருக்கிறோமா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். பார்ப்பதற்குச் செடிகள் இருந்தன, பேசுவதற்குக் கூட ஒரு நண்பர் இருந்தார்.